புட்டுக்குப் பிசறிய கைக்கு ஸ்கான் வரும்

முதல்முறை நான் சுட்ட ஸ்கானை அத்தை கையில் வாங்கி எடை பார்த்தார். "வாசக் கதவுக்கு அண்டக் குடுக்கலாம் கண்ணு, காத்துக்குச் சாத்திக்காம நிக்கும்" என்றார். எட்டு சுட்டிருந்தேன். எட்டும் வறட்டி மாதிரி தட்டையாக, மேலே கல், உள்ளே ரப்பர். மாமா மட்டும் ஒன்றை டீயில் ஊறவைத்துச் சாப்பிட்டார், அதுவும் என் முகத்துக்காக.

மாவிலும் குற்றமில்லை, அடுப்பிலும் குற்றமில்லை. காவேரிப்பட்டணத்தில், மே மாதத்தில், மதியம் இரண்டு மணிக்கு, இளகிய வெண்ணெயைப் போட்டு, சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பத்து நிமிடம் மூச்சுவாங்கப் பிசைந்திருந்தேன். ஸ்கானுக்கு எதெல்லாம் ஆகாதோ அத்தனையையும் ஒரே மதியத்தில் செய்து முடித்திருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

ஸ்கான் என்பது ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரு பண்டம். கையகலம் கூட இருக்காது. மேல்பக்கம் லேசாகப் பொன்னிறம், பிட்டால் உள்ளே பொரபொரவென்று அடுக்கு விட்டுப் பிரியும். இனிப்பு கொஞ்சம்தான். அதன்மேல் தடவுகிற ஜாமும் வெண்ணெயும்தான் இனிப்பையும் வழவழப்பையும் கொடுக்கும். ஈஸ்ட் கிடையாது, முட்டை கட்டாயமில்லை, மாவு பொங்கக் காத்திருக்கவும் வேண்டாம். புரட்டாசிச் சனிக்கிழமையில் முட்டை தொடாத வீட்டுக்கும் சரிப்பட்டு வரும். கலக்க ஆரம்பித்த முக்கால் மணி நேரத்தில் தட்டில் இருக்கும்.

பெயரை எப்படிச் சொல்வது என்பதில் பிரிட்டன்காரர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. சிலர் ஸ்கோன் என்பார்கள், சிலர் ஸ்கான். பண்டம் பிறந்த ஸ்காட்லாந்தில் ஸ்கான் என்பதால் நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். அதே எழுத்துகளில் அங்கே ஓர் ஊரும் இருக்கிறது. அதை மட்டும் ஸ்கூன் என்று படிக்க வேண்டும். ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடிக்கொண்ட புகழ்பெற்ற கல் ஒன்றுக்கு அந்த ஊர்ப்பெயர்தான். 150 கிலோ சொச்சம் எடையுள்ள கல். என் முதல் எட்டும் அதற்குத் தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி, மாவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

மைதாவில் நூற்றுக்குப் பத்து பங்கு அளவில் புரதம் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று கைகோத்துக் குளூட்டன் என்ற இழுவைப் பசையாகின்றன. பிசையப் பிசைய அந்தப் பசை வலையாகப் பின்னிக்கொள்ளும். பரோட்டா மாஸ்டர் மாவை அடித்து, எண்ணெயில் ஊறவைத்து, வேட்டி மாதிரி வீசி விரிக்க முடிவது இந்த வலையால்தான். கிழியாமல் நீளும். பரோட்டாவுக்கு அது உயிர். ஸ்கானுக்கோ அதுதான் எமன். வலை இறுகினால் ஸ்கான் எழும்பாது, மெல்லவும் முடியாது.

ஆகவே ஸ்கான் செய்வதென்பது, மாவை ஒன்றுசேர்த்தபடியே அந்த வலை பின்னிக்கொள்ளாமல் தடுப்பது. அதற்கு நமக்கு உதவுவது வெண்ணெய்.

தண்ணீரோ பாலோ படுவதற்கு முன்பே மாவை வெண்ணெயோடு சேர்த்துவிட்டால், மாவுத் துகளைச் சுற்றிக் கொழுப்பு ஒரு பூச்சாகப் படியும். பிறகு பால் விட்டாலும் எல்லாத் துகளையும் ஈரம் சென்று சேராது. குளூட்டன் இழைகள் நீளாமல் குட்டைகுட்டையாக நின்றுபோகும். தட்டைக்கும் முறுக்குக்கும் மாவில் காய்ச்சிய எண்ணெயோ நெய்யோ ஊற்றிப் பிசறுகிறோமே, அதே வேலைதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, ஸ்கானின் சூட்சுமமே அதில்தான். தட்டைக்குச் சூடான கொழுப்பு. அது உருகி எல்லாத் துகளிலும் ஒரே சீராக ஏறும், வெந்ததும் மொறுமொறுவென்று நொறுங்கும். ஸ்கானுக்கு மொறுமொறுப்பு வேண்டாம், அடுக்கு வேண்டும். அதனால் கொழுப்பு உருகக் கூடாது. பாதி மாவில் பூசியும், பாதி உளுத்தம்பருப்பு அளவுத் துண்டுகளாகத் தனித்தும் நிற்க வேண்டும்.

அந்தத் துண்டுகள் அடுப்பின் சூட்டில் உருகியதும் அவை இருந்த இடம் காலியாகும். வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர். அது ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். காலியான இடத்தை ஆவி உப்பவைக்க, சுற்றியிருக்கிற மாவு அதற்குள் வெந்து இறுகிவிட, நமக்கு ஓர் அடுக்கு கிடைக்கிறது. வெண்ணெய் கலக்கும்போதே உருகிவிட்டால் இந்தக் கதை நடக்காது. அடுக்குக்குப் பதிலாக எண்ணெய் வழிகிற பிஸ்கட் கிடைக்கும்.

சரி, கையால் இதை எப்படிச் செய்வது? ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் ரொட்டித்தூள் பதம் வரும்வரை விரல்நுனியால் தேய்க்கச் சொல்வார்கள். ரொட்டித்தூளை நான் எங்கே கண்டேன்? எனக்கு விளங்கியது அத்தை புட்டுக்கு மாவு பிசறிய ஒரு காலையில்தான். மாவில் தண்ணீர் தெளித்து, விரல்நுனியால் அள்ளி அள்ளி உதிர்த்து, உள்ளங்கையே படாமல் பிசறுவார். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். ஸ்கானுக்கு வேண்டிய பதம் அட்சரம் பிசகாமல் அதுதான். தண்ணீருக்குப் பதில் வெண்ணெய், அவ்வளவே. "பிசையாதே, பிசறு" என்று யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் எட்டு கல் மிச்சமாகியிருக்கும்.

உள்ளங்கை ஏன் படக் கூடாது? வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் இளகி உருகிவிடும். நம் கைச்சூடே அதற்குப் போதும். சித்திரை வைகாசியில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிழலிலேயே வெயில் 37, 38 என்று நிற்கும்போது கை கூட வேண்டாம், சமையலறைக் காற்றே உருக்கிவிடும். ஓசூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், காலையில் ஜன்னலைத் திறந்தால் போதும். கீழே இருக்கிற நாங்கள் விடிகாலையில் செய்கிறோம், இல்லாவிட்டால் பிரிட்ஜைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். நான் செய்வது இது: முதல்நாள் இரவே வெண்ணெயை ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். மாவையும் பாத்திரத்தோடு பிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் கல்லாகிப்போன வெண்ணெயை கேரட் துருவியில் நேரே மாவின்மேல் துருவிவிட்டு, நாலைந்து முறை பிசறினால் பதம் வந்துவிடும். கை அதிகம் படாததால் வெண்ணெயும் இளகாது.

சந்தையில் உருண்டையாக விற்கிற நாட்டு வெண்ணெய் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், வாசனை அருமையாக இருக்கும். ஆனால் அதில் மோர் அதிகம் தங்கியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, பிறகு உறையவையுங்கள். பாலைச் சற்றுக் குறைக்க வேண்டிவரும். நெய் மட்டும் வேண்டாம், அதில் ஆவியாகத் தண்ணீர் இல்லை.

எழும்ப வைக்கிற இரண்டாவது ஆள் பேக்கிங் பவுடர். நமக்கு ஆப்ப சோடா நன்றாகத் தெரியும். அதைப் புளிப்போடு சேர்த்தால் கார்பன் டை ஆக்சைடு குமிழ் விடும். புளித்த ஆப்ப மாவில் ஒரு சிட்டிகை போட்டதும் நுரைப்பது அதனால்தான். பேக்கிங் பவுடர் என்பது ஆப்ப சோடாவோடு பொடியாக ஒரு புளிப்பையும், ஈரம் ஏறாமலிருக்கக் கொஞ்சம் சோள மாவையும் சேர்த்து வைத்த கலவை. பால் பட்டதும் கொஞ்சம் நுரைக்கும், சூடு பட்டதும் மறுபடி நுரைக்கும். ஆப்ப சோடாவை மட்டும் போட்டால் அதை முறிக்கப் புளிப்பு இல்லாமல் சோப்பு வாடையும் மஞ்சள் கறையும் வரும். வீட்டில் பேக்கிங் பவுடர் இல்லையென்றால் பாலுக்குப் பதிலாகப் புளித்த தயிரைக் கடைந்து ஊற்றி, 250 கிராம் மாவுக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக ஆப்ப சோடா போடுங்கள். எனக்கு அந்த ருசிதான் இன்னும் பிடிக்கும். டப்பா பழையதா என்று சந்தேகம் வந்தால் வெந்நீரில் அரைக் கரண்டி போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் குப்பைக்குப் போகட்டும்.

பேக்கிங் பவுடரை 1843-இல் பர்மிங்காமில் ஆல்பிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் தன் மனைவிக்காகக் கண்டுபிடித்தார். அந்தம்மாவுக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அப்படியானால் அதற்கு முன் ஸ்கான் எப்படி இருந்தது? தட்டையாக இருந்தது. ஓட்ஸ் மாவோ பார்லி மாவோ கலந்து, வட்டமாகத் தட்டி, இரும்புக்கல்லில் போட்டுச் சுட்டு, நாலாக வெட்டித் தின்றார்கள். கிட்டத்தட்ட நம் அடை. தருமபுரியைப் பற்றிச் சொல்லும்போது தாமஸ் மன்றோவைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1792 முதல் 1799 வரை தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடங்கிய பாராமகால் பகுதியில் வரிவசூல் வேலை பார்த்து, பின்னாளில் சென்னை மாகாணத்துக்கு கவர்னரானவர். பிறந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். அவர் தருமபுரியில் ஸ்கான் கேட்டிருந்தால், அவருடைய சமையல்காரர் தோசைக்கல்லைத்தான் எடுத்திருக்க வேண்டும். பேக்கிங் பவுடர் வர இன்னும் அரை நூற்றாண்டு பாக்கி.

ஆகவே ஓவன் இல்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். கல்லில் சுடுவதுதான் மூத்த வழி.

அளவுக்கு வருவோம். மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, குளிர்ந்த வெண்ணெய் 60 கிராம், குளிர்ந்த பால் 120 முதல் 150 மில்லி. உப்பு வெண்ணெய் என்றால் உப்பு வேண்டாம். ஆறேழு பேருக்கு ஆளுக்கொன்று வரும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் இருவரும் விடுமுறைக்கு வந்திருந்தால் இரட்டிப்பாகச் செய்வேன்.

உலர்ந்ததை எல்லாம் ஒன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். வெண்ணெயைத் துருவிப் போட்டு, மேலே சொன்ன புட்டுப் பதத்துக்குப் பிசறுங்கள். நடுவில் குழி பறித்து, முக்கால்வாசிப் பாலை ஊற்றி, கையால் அல்ல, ஒரு கத்தியால் கலக்குங்கள். சும்மா சொல்லவில்லை, கத்தி மாவை வெட்டும், இழுக்காது. உதிரிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அடியில் மாவு மிச்சமிருந்தால் மட்டும் மீதிப் பால். பார்க்க அசிங்கமாக, அங்கங்கே திட்டுத்திட்டாக இருக்கும். சப்பாத்தி மாவு உருட்டிப் பழகிய கைக்கு அதைப் பார்த்தால் அரிக்கும். இன்னும் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் வழவழவென்று வந்துவிடுமே என்று தோன்றும். வேண்டாம். வழவழவென்று வந்தால் போச்சு.

பலகையில் மாவு தூவி, கலவையைக் கொட்டி, உள்ளங்கையால் மெல்லத் தட்டிப் பாதியாக மடியுங்கள். மறுபடி தட்டி, மறுபடி ஒரு மடிப்பு. இரண்டு மடிப்புப் போதும். வெண்ணெய்த் துண்டுகள் வரிசைவரிசையாக அமர்ந்துவிடும். பூரிக்கட்டையைத் தொடாதீர்கள். இரண்டரை சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். நம் ஆட்கள் எல்லாவற்றையும் மெலிதாகத் தேய்க்கப் பழகியவர்கள், இங்கே மெலிந்தால் எழும்ப ஆளில்லை.

வெட்டுவதில் ஒரு விஷயம். வட்டமாக வெட்ட எல்லோரும் முதலில் எடுப்பது எவர்சில்வர் டம்ளரைத்தான். நானும் எடுத்தேன். டம்ளரின் விளிம்பு உருட்டி மடித்தது, கூர் கிடையாது. அது மாவை வெட்டாமல் நசுக்கும். நசுங்கிய ஓரத்தில் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும், அந்தப் பக்கம் எழும்பாது, ஸ்கான் கோணிக்கொண்டு நிற்கும். கூரான கத்தியை மேலிருந்து நேராக இறக்கிச் சதுரமாகவோ முக்கோணமாகவோ வெட்டிவிடுங்கள். ஓரமாவு மிஞ்சாது, மீண்டும் திரட்டிப் பிசையும் வேலையும் இல்லை. வெட்டிய துண்டுகளைத் தட்டோடு 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். இந்த இடைவேளையில் ஓவனை 220 டிகிரிக்குச் சூடாக்கிவிடலாம். மேலே மட்டும் பால் தடவி, பக்கங்களில் வழியாமல் பார்த்து, உள்ளே தள்ளினால் 12 முதல் 15 நிமிடம். சூடு ஏன் இவ்வளவு அதிகம் என்றால், வெண்ணெய் உருகி ஒழுகுவதற்குள் ஆவி கிளம்ப வேண்டும், மாவு இறுக வேண்டும். குறைந்த தீயில் மெதுவாக வேகவிட்டால் எல்லாம் வழிந்து பரவிவிடும்.

தோசைக்கல்லில் செய்வதானால் கணக்கு வேறு. கனம் ஒரு சென்டிமீட்டர்தான். வட்டமாகத் தட்டி நாலாக வெட்டி, மாவு தூவிய கனமான இரும்புக்கல்லில் சிறு தீயில் ஒரு பக்கம் ஆறேழு நிமிடம், திருப்பி அதே அளவு. மூடி போட்டால் நடு வேகும். கடைசியில் ஓரங்களைக் கல்லில் நிமிர்த்திவைத்துச் சுட்டு எடுங்கள். உயரம் வராது, அடுக்கும் குறைவு. ஆனால் கல்லில் சுட்ட மாவுக்கென்று ஒரு வாசனை இருக்கிறதே, அது ஓவனில் வராது. கனமான சட்டியில் உப்புப் பரப்பி, அதன்மேல் பிரிமனையும் தட்டும் வைத்துச் சுடுகிறவர்களும் உண்டு. அதில் சூடு கீழிருந்து மட்டுமே வருவதால் மேல்பக்கம் வெளிறி நிற்கும், முக்கால்வாசி வெந்ததும் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பண்டமாக ஆக்கியே தீருவேன் என்று நான் கேழ்வரகிலும் செய்து பார்த்தேன். முழுக்கக் கேழ்வரகு என்றால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும், அதில் குளூட்டனே கிடையாது. குளூட்டன் அதிகமானால் கல், அறவே இல்லாவிட்டால் மண். 60 கிராம் கேழ்வரகு, 190 கிராம் மைதா என்று கலந்தால் நன்றாக வருகிறது. கேழ்வரகு ஈரத்தை நிதானமாக இழுக்கும், பால் இரண்டு கரண்டி கூட, கலந்தபின் பத்து நிமிடம் ஓய்வு. சர்க்கரைக்குப் பதில் வெல்லத்தூள் போடலாம். நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது, ஏனெனில் ஆரம்பத்திலிருந்தே கறுப்புதான். அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பாருங்கள், உள்ளீடற்ற ஓசை வந்தால் வெந்துவிட்டது. அத்தைக்கு இதுதான் பிடிக்கும். களிக்குத் தங்கச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்.

ஸ்கானுக்கு இங்கிலாந்தில் ஸ்ட்ராபெர்ரி ஜாமும் கிளாட்டட் கிரீமும் வைப்பார்கள். டெவன்காரர்கள் கிரீமை முதலில் தடவி மேலே ஜாம் வைப்பார்கள், பக்கத்துக் கார்ன்வாலில் ஜாம் முதலில், கிரீம் மேலே. இதற்காக இன்றும் வம்பு நடக்கிறது. அந்த கிரீம், பாலேட்டை மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்து ஆறவிட்டுத் திரட்டுவது. நாம் தினமும் பால் காய்ச்சி ஆறவைத்து எடுக்கிற ஆடை அதற்கு நெருங்கிய உறவு. நாலுநாள் ஆடையைச் சேர்த்துக் கரண்டியால் அடித்தால் போதும். ஜாமுக்குக் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு ஸ்ட்ராபெர்ரியைத் தேடுவானேன்? கூழ் ஆலைகளுக்கு லாரிலாரியாகப் போகிற பெங்களூராவில், அதான் கிளிமூக்கு மாங்காயில், இரண்டு கிலோ வாங்குங்கள். அல்போன்சா வேண்டாம், அது வெறும் இனிப்பு. பெங்களூராவில் புளிப்பும் இருப்பதால் ஜாம் திகட்டாது. பழக்கூழில் பாதி எடைக்குச் சர்க்கரை, ஒரு எலுமிச்சை, கரண்டியில் ஒட்டி மெல்ல விழும்வரை கிளறினால் முடிந்தது. சர்க்கரை குறைவு என்பதால் பிரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சங்கதி. ஸ்கான் வைத்திருந்து தின்கிற பண்டம் இல்லை. கொழுப்பும் சர்க்கரையும் குறைவானதால் அன்று மாலைக்கே வறண்டுவிடும். பிரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம். வெந்த மாவுச்சத்து அந்தக் குளிரில்தான் வேகமாக விறைக்கும், நேற்றைய இட்லி பிரிட்ஜில் கல்லாவது போல. சூடு தணிவதற்குள் சாப்பிட ஆள் இருக்க வேண்டும். அதனால் வீடு நிறைந்திருக்கிற ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான் நான் சுடுவேன். மற்ற நாட்களுக்கு, வெட்டிய பச்சைத் துண்டுகளை ஃப்ரீசரில் விறைக்கவிட்டு, டப்பாவில் போட்டு வைத்துக்கொள்கிறேன். ஒரு மாதம் தாங்கும். சின்னம்மா முன்னறிவிப்பில்லாமல் பர்கூரிலிருந்து வந்து நின்றால், அப்படியே எடுத்து ஓவனில் வைத்து மூன்று நிமிடம் கூட விட்டால் போதும். டீ கொதித்து இறங்குவதற்கும் அது வெந்து வருவதற்கும் சரியாக இருக்கும்.